சொந்த சர்வருக்கு மாற்றிய தளம் சரியாக ஓடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வாடகை ஹோஸ்டிங்கில் இருந்த தனிப்பட்ட தளத்தை நாமே பராமரிக்கும் சர்வருக்குக் கொண்டுபோவது நல்ல முடிவு. அது மாத வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (டேட்டாசென்டரில் ஓடும் மெய்நிகர் கணினி) ஆகவும் இருக்கலாம், வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியாகவும் இருக்கலாம். மாற்றிய பிறகு வரும் கோளாறுகள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரவுசரில் தெரியும் பிழைச் செய்தி, கோரிக்கை எந்த இடம் வரை வந்து நின்றது என்பதை ஓரளவு சொல்லிவிடும். அதை முழுதாகப் படித்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கைவையுங்கள். ஒரே நேரத்தில் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் அமைப்பு), ஃபயர்வால், கான்ஃபிக் (சர்வரின் அமைப்புக் கோப்பு) மூன்றையும் மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

லினக்ஸ் (டெபியன் அல்லது உபுண்டு), என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வெப் சர்வர், பிஎச்பி மொழி, மரியாடிபி டேட்டாபேஸ், மேலே வேர்ட்பிரஸ் என்ற அமைப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெறும் எச்டிஎம்எல் கோப்புகளால் ஆன தளம் என்றால் டேட்டாபேஸ், பிஎச்பி பற்றிய பகுதிகளைத் தாண்டிவிடலாம்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பழைய ஹோஸ்டிங் கணக்கை இப்போதே மூடாதீர்கள். கீழே சொல்லும் தீர்வுகளில் பல, பழைய இடத்தில் மூலத் தரவு அப்படியே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன.

சிலருக்குப் பழைய தளம், சிலருக்குப் புதுத் தளம்

மாற்றிய முதல் நாளில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். டொமைனின் ஐபி முகவரியை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட டிஎன்எஸ் ரிசால்வர் (நம் சார்பில் முகவரியைக் கேட்டுத் தரும் சர்வர்), அந்தப் பதிலை டிடிஎல் என்ற காலக்கெடு முடியும் வரை நினைவில் வைத்திருக்கும். டிடிஎல் 86400 விநாடி என்றிருந்தால் ஒரு முழு நாள். ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை நீங்கள் மாற்றிய நிமிடத்துக்குச் சற்று முன்பு கேட்டவருக்கு அடுத்த நாள் அதே நேரம் வரை பழைய முகவரிதான். இதில் கோளாறு ஏதுமில்லை, காத்திருக்க வேண்டும். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்து வைத்தால் காத்திருப்பு 5 நிமிடமாகச் சுருங்கும். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை. பழைய டிடிஎல்லோடு பதில் வாங்கியவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள்.

இந்த ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால் கதை வேறு. எது உங்கள் நேம்சர்வர் என்ற தகவல் உங்கள் கையில் இல்லை, டாட் காம் போன்ற மேல்நிலை டொமைனை நடத்துபவர்களிடம் இருக்கிறது. டாட் காம் டொமைன்களுக்கு அதன் டிடிஎல் 172800 விநாடி, அதாவது 2 நாள். அந்த 2 நாளும் பழைய நேம்சர்வரும் புதுசும் ஒரே பதிலைச் சொல்லும்படி இரண்டிலும் ரெக்கார்டுகளை ஒன்றாக வைத்திருங்கள். என்னைக் கேட்டால், நேம்சர்வர் மாற்றத்தையும் சர்வர் மாற்றத்தையும் ஒரே வாரத்தில் செய்யவே வேண்டாம்.

நிலைமையை எப்படிப் பார்ப்பது? டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் உங்கள் டொமைனைப் போட்டு, ஒருமுறை 8.8.8.8 ரிசால்வரிடமும் ஒருமுறை 1.1.1.1 இடமும் கேளுங்கள். அப்புறம் உங்கள் டொமைனின் நேம்சர்வரிடமே நேரடியாகக் கேளுங்கள். நேம்சர்வர் புது முகவரியைச் சொல்லி, மற்றவை பழையதைச் சொன்னால் கேஷ்தான் (அவை நினைவில் வைத்த பழைய பதில்) காரணம். நேம்சர்வரே பழையதைச் சொன்னால் நீங்கள் மாற்றியது சேமிக்கப்படவில்லை, அல்லது மாற்றியது வேறொரு இடத்து டிஎன்எஸ் பக்கத்தில். டொமைன் வாங்கிய பதிவாளரிடம் ஒரு டிஎன்எஸ் பக்கம், ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இன்னொன்று என்று இரண்டு இருக்கும்போது இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். நேம்சர்வர் யாருடையதோ, அவர்கள் பக்கத்தில் செய்யும் மாற்றம் மட்டுமே செல்லும்.

பல நாள் ஆகியும் சிலருக்கு மட்டும் பழைய தளம் தெரிகிறதா? நான்கு ஏ எழுத்து கொண்ட ஐபிவி6 ரெக்கார்டைப் பாருங்கள். ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவது மிகச் சாதாரணம். ஐபிவி6 இணைப்பு உள்ளவர்கள் அதன் வழியே பழைய சர்வருக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். உங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லையென்றால் உங்கள் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. புது சர்வரின் ஐபிவி6 முகவரியைப் போடுங்கள், இல்லையென்றால் அந்த ரெக்கார்டையே நீக்கிவிடுங்கள்.

டிஎன்எஸ்ஸைத் தொடாமலே புது சர்வரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு எதிரே புது ஐபியை எழுதுங்கள். உங்களுக்கு மட்டும் புதுத் தளம் தெரியும், மற்ற எல்லோரும் பழையதையே பார்ப்பார்கள். எல்லாப் பக்கங்களையும் நிதானமாகச் சரிபார்த்த பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றலாம். சோதனை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் உலகத்துக்கே தளம் கிடைக்காமல் போனாலும் உங்கள் திரையில் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

தளத்தை அடையவே முடியவில்லை என்கிறது பிரவுசர்

இங்கே இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், கோரிக்கை அநேகமாக ஒரு கணினி வரை போய்விட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் (சேவைக்குரிய வாசல் எண்) எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என்ஜின்எக்ஸ் நின்றுபோயிருக்கலாம். சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் அதன் நிலையைப் பாருங்கள். ஓடுகிறது என்றால், எஸ்எஸ் கட்டளையில் எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் அது சர்வருக்கு உள்ளிருந்து வரும் கோரிக்கைகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். 0.0.0.0 என்றிருக்க வேண்டும். 80 (எச்டிடிபி) மட்டும் திறந்து 443 (எச்டிடிபிஎஸ்) இல்லை என்றால், சான்றிதழ் அமைக்கும் வேலை பாதியில் நிற்கிறது.

நீண்ட நேரம் சுற்றிச் சுற்றி, நேரம் கடந்துவிட்டது என்று வந்தால், வழியில் எங்கோ கோரிக்கை சத்தமில்லாமல் தூக்கி எறியப்படுகிறது. இது பெரும்பாலும் ஃபயர்வால். விபிஎஸ்ஸில் இரண்டு ஃபயர்வால் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று சர்வருக்குள் இருக்கும் யுஎஃப்டபிள்யூ, மற்றொன்று சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருப்பது. இரண்டிலும் 80, 443 திறந்திருக்க வேண்டும். யுஎஃப்டபிள்யூவை முதல் முறை இயக்குமுன், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும். இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு: நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டித் திறந்துகொள்ளும். மூடியிருக்கிறது என்று நம்பிய டேட்டாபேஸ் போர்ட் உலகத்துக்கே திறந்திருக்கக்கூடும். அதனால் டாக்கரில் டேட்டாபேஸ் வைத்தால் போர்ட்டை 127.0.0.1 உடன் கட்டி வெளியிடுங்கள், அல்லது வெளியிடவே வேண்டாம்.

வீட்டு சர்வர் என்றால் கூடுதலாகச் சில இடங்கள். முதலில் மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்து, வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் தளம் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் மறுபடி உள்ளே திரும்பும் போக்குவரத்தை உங்கள் ரவுட்டர் ஆதரிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக் கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ வீட்டு டிஎன்எஸ்ஸிலோ உள் முகவரியைக் கொடுத்தால் தீரும்.

மொபைல் டேட்டாவிலும் திறக்கவில்லையா? ரவுட்டரில் 80, 443 இரண்டையும் சர்வருக்குத் திருப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சர்வரின் உள் முகவரியை நிலையாக ஒதுக்கவில்லை என்றால், அது மாறிப்போய் ரவுட்டர் இன்னமும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அதுவும் சரி என்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி என்ன என்று பார்த்து, ஐபி காட்டும் ஏதாவது ஒரு தளம் சொல்வதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதற்கென்றே 2012ல் ஒதுக்கிய எண் வரிசை இது. இந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை மணி நேரம் செலவழித்தாலும் பலன் இல்லை, அதனால் அங்கே நெடுநேரம் போராடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள். தனி முகவரி தரும்படி இணைய நிறுவனத்திடம் கேட்கலாம். சிறிய விபிஎஸ் ஒன்றை எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக வீட்டு சர்வரோடு இணைக்கலாம். கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவையையும் பயன்படுத்தலாம்.

உங்கள் தளத்துக்குப் பதில் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம்

இது நல்ல செய்தி. டிஎன்எஸ்ஸும் ஃபயர்வாலும் சரியாக இருக்கின்றன. உங்கள் டொமைன் பெயருக்கான சர்வர் பிளாக்கை (கான்ஃபிக்கில் அந்தத் தளத்துக்கான பகுதி) என்ஜின்எக்ஸ் பார்க்கவில்லை. கான்ஃபிக் கோப்பை எழுதிவிட்டு, இயங்கும் தளங்களுக்கான கோப்புறையில் அதற்கு இணைப்பு போடாமல் விட்டிருப்பீர்கள், அல்லது பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். தமிழ் எழுத்திலேயே டொமைன் வைத்திருப்பவர்கள், கான்ஃபிக்கில் தமிழில் எழுதாமல் அதன் பனிகோட் வடிவத்தை (ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள மாற்று வடிவம்) எழுத வேண்டும். திருத்தியதும் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை ஓட்டி, பிழை இல்லை என்று வந்த பிறகே மறுஏற்றம் செய்யுங்கள்.

403, அனுமதி இல்லை

கோப்பு இருக்கிறது, என்ஜின்எக்ஸால் அதைப் படிக்க முடியவில்லை. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பது வழக்கமான அளவு. அதையெல்லாம் வைத்தும் 403 வந்தால், மேலே உள்ள கோப்புறைகளைப் பாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நுழைய என்ஜின்எக்ஸுக்கு அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 முதல் பயனரின் ஹோம் கோப்புறை 750 என்ற அனுமதியோடு உருவாகிறது. அதற்குள் தளத்தை வைத்தால் உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் 403தான் வரும். தளத்தை வார் கோப்புறைக்குக் கீழே, வழக்கமான இடத்துக்கு நகர்த்திவிடுவதே சுத்தமான தீர்வு. நேம்ஐ கட்டளை பாதை முழுவதற்கும் அனுமதிகளை வரிசையாகக் காட்டும்.

எல்லாவற்றுக்கும் 777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்தால் உடனே சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். ஒரு ப்ளக்இன்னில் ஓட்டை இருந்தால் போதும், தளத்தின் எந்தக் கோப்பையும் மாற்றி எழுதும் வசதியை ஊடுருவுபவர் கையில் கொடுத்தது போலாகும்.

ஃபெடோரா வகை லினக்ஸில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் அது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. அதை அணைக்க வேண்டாம், ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் தீரும்.

முகப்பு வருகிறது, உள்பக்கங்கள் எல்லாம் 404

பழைய ஹோஸ்டிங்கில் அப்பாச்சி இருந்தது, இங்கே என்ஜின்எக்ஸ் என்றால் காரணம் இதுதான்: என்ஜின்எக்ஸ் எச்டிஅக்சஸ் கோப்பைப் படிக்காது. அழகான முகவரிகளைப் பிஎச்பிக்குத் திருப்பும் வேலையை அந்தக் கோப்புதான் செய்துகொண்டிருந்தது. என்ஜின்எக்ஸில் அதே வேலையை டிரை-ஃபைல்ஸ் வரி செய்யும்: கோப்பு இருந்தால் அதைக் கொடு, இல்லையென்றால் முகப்புப் பிஎச்பி கோப்புக்கு அனுப்பு. அந்தக் கோப்பில் வேறு விதிகளும் இருந்திருக்கலாம். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பியது, சில கோப்புறைகளை மறைத்தது போன்றவை. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றி எழுதுங்கள். மறைத்து வைத்திருந்த கோப்புறை புது சர்வரில் திறந்து கிடந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால் இதில் கவனம் வேண்டும்.

இரண்டு பக்கமும் அப்பாச்சிதான் என்றால், ரீரைட் மாட்யூல் இயங்குகிறதா, தளத்தின் கோப்புறைக்கு அலவ்-ஓவர்ரைடு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள்.

பக்கம் திறக்காமல் ஒரு கோப்பு டவுன்லோடு ஆகிறது

இதைப் பார்த்தால் உடனே என்ஜின்எக்ஸை நிறுத்துங்கள், பிறகு யோசிக்கலாம். பிஎச்பி கோப்பை ஓட்டாமல் அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது சர்வர். டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள கான்ஃபிக் கோப்பையும் யார் வேண்டுமானாலும் இதே வழியில் எடுக்கலாம். பிஎச்பியை ஓட்டும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு அனுப்பும் பகுதியைச் சர்வர் பிளாக்கில் சேர்த்து, சரிசெய்த பிறகு டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் வேர்ட்பிரஸ்ஸின் ரகசியச் சாவிகளையும் மாற்றிவிடுங்கள். சில நிமிடம்தானே திறந்திருந்தது என்று விடக் கூடாது. இப்படிப்பட்ட கோப்புகளைத் தேடி நாள் முழுக்க அலையும் நிரல்கள் இணையத்தில் ஏராளம்.

502, 504, 500, வெள்ளைத் திரை

502 என்றால் என்ஜின்எக்ஸ் பிஎச்பியைக் கூப்பிட்டது, பதில் இல்லை. இரண்டும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பின் பெயரில் பிஎச்பியின் பதிப்பு எண் இருக்கும். 8.2 என்று கான்ஃபிக்கில் எழுதியிருந்து, நிறுவியிருப்பது 8.3 என்றால் இதுதான் வரும். 504 என்றால் பிஎச்பி வேலை செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 விநாடி பொறுக்கும். அந்த எண்ணைக் கூட்டுவதைவிட எது தாமதிக்கிறது என்று பார்ப்பது மேல். வெளியே போக முடியாமல் எங்கோ தொடர்புகொள்ளக் காத்திருக்கும் ப்ளக்இன் காரணமாக இருக்கலாம்.

500ம் வெள்ளைத் திரையும் ஒரே குடும்பம். நிரல் பாதியில் செத்துவிட்டது. புது சர்வரில் பிஎச்பி பதிப்பு உயர்ந்திருப்பது முதல் சந்தேகம். பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 2015ல் வந்த பிஎச்பி 7.0ல் நீக்கப்பட்டன, 2020ல் வந்த 8.0ல் இன்னும் பல போயின. பராமரிப்பு இல்லாத தீம் ஒன்று போதும், தளம் விழும். இரண்டாவது சந்தேகம், விடுபட்ட நீட்சிகள்: மைஎஸ்கியூஎல்ஐ, எம்பிஸ்ட்ரிங், ஜிடி போன்றவை. ஊகிக்க வேண்டாம், பிழை லாகைத் திறந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று எழுதியிருக்கும். லாகில் ஒன்றுமில்லை என்றால் வேர்ட்பிரஸ்ஸின் பிழை பதிவு வசதியை இயக்குங்கள். அது எழுதும் கோப்பு வெளியாரும் படிக்கக்கூடிய இடத்தில் இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் அணைத்து, கோப்பையும் அழித்துவிடுங்கள்.

படம் ஏற்றும்போது மட்டும் 413 வருகிறதா? என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்க விடாது. அதைக் கூட்டும்போது பிஎச்பியின் அளவையும் கூட்ட வேண்டும், அங்கே இயல்பு 2 எம்பி.

டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை

தொடக்கம் முதலே இப்படி என்றால் கான்ஃபிக் கோப்பில் உள்ள பெயர், பயனர், கடவுச்சொல், ஹோஸ்ட் நான்கையும் சரிபாருங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஹோஸ்ட் இடத்தில் வேறொரு சர்வரின் பெயர் இருந்திருக்கும், அதை அப்படியே கொண்டுவந்திருப்பீர்கள். அதே பயனர், கடவுச்சொல்லை வைத்துக் கட்டளை வரியில் நுழைய முடிகிறதா என்று பார்த்தால் கோளாறு வேர்ட்பிரஸ்ஸிலா டேட்டாபேஸிலா என்று தெரிந்துவிடும்.

சில நாள் நன்றாக ஓடி, திடீரென்று வந்தால் அது வேறு நோய். 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய சர்வரில் கூட்டம் வந்தால் நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் கெர்னல் அதிகம் எடுப்பதைக் கொல்லும். அது பெரும்பாலும் மரியாடிபிதான். கெர்னல் லாகில் நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது என்ற வரி இருந்தால் சந்தேகமே இல்லை. கொஞ்சம் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்த்து, பிஎச்பி-எஃப்பிஎம் ஒரே நேரத்தில் எத்தனை செயல்களை ஓட்டலாம் என்ற எண்ணைக் குறையுங்கள்.

தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகவும் கிறுக்கலாகவும் தெரிகிறது

தமிழில் எழுதுபவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பல வருட எழுத்து ஒரே நாளில் கலைந்துபோனது போல் இருக்கும். பதற வேண்டாம், பழைய டேட்டாபேஸ் இருக்கும் வரை எதுவும் போகவில்லை. ஆனால் ஒரு விஷயம்: கலைந்த தளத்தில் புதிதாக எதையும் எழுதிச் சேமிக்காதீர்கள்.

கேள்விக்குறிகளும் கிறுக்கலும் வேறு வேறு நோய்கள். கிறுக்கல் என்றால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்து உள்ள குறியும் மாறி மாறி வரும். காரணம் எளிது. எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். அந்தப் பைட்டுகளை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று நினைத்துப் படித்தால் அந்தக் குறிகள்தான் தெரியும். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தப்பு. கேள்விக்குறி என்றால், தமிழே இல்லாத ஓர் எழுத்துத் தொகுதிக்கு மாற்ற முயன்று, முடியாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. அது சேமிப்பிலேயே நடந்திருந்தால் அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை, பழைய இடத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

எது என்று உறுதியாகத் தெரிய, புது டேட்டாபேஸில் ஒரு தலைப்பை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் செயற்கூறோடு கேட்டுப் பாருங்கள். அட்டவணை யுடிஎஃப்8எம்பி4 ஆக இருந்து, ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்று வந்தால் தரவு நன்றாகவே இருக்கிறது. இணைப்பின் எழுத்துத் தொகுதி மட்டும் தவறு, வேர்ட்பிரஸ் கான்ஃபிக்கில் அதை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் எழுத்துகள் திரும்பிவிடும். சி3ஏ0 சி2ஏஈ என்று வந்தால் இருமுறை குறியாக்கம் ஆகியிருக்கிறது. 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் உண்மையான கேள்விக்குறிகள்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன.

இருமுறை குறியாக்கம் எப்படி வருகிறது? பழைய தளங்களில் அட்டவணை லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருக்கும், உள்ளே இருப்பதோ யுடிஎஃப்-8 பைட்டுகள். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தப்பு நடந்ததால் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. டேட்டாபேஸை ஒரு கோப்பாக (டம்ப்) எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி அதை யுடிஎஃப்-8க்கு மாற்றித் தருகிறேன் என்று இன்னொரு முறை மாற்றிவிடுகிறது. தீர்வு: பழைய சர்வரில் எழுத்துத் தொகுதி லத்தீன்1 என்று சொல்லியே டம்ப் எடுங்கள், அப்போது பைட்டுகள் மாறாமல் வெளியே வரும். அந்தக் கோப்பில் அட்டவணை வரையறைகளிலும் தொடக்கத்தில் உள்ள செட் நேம்ஸ் வரியிலும் இருக்கும் லத்தீன்1 என்பதை யுடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றி, இறக்கும்போதும் யுடிஎஃப்8எம்பி4 என்றே சொல்லுங்கள். இந்தத் தீர்வைச் செய்யுமுன் பழைய அட்டவணை உண்மையிலேயே லத்தீன்1தானா என்று கட்டாயம் பாருங்கள். ஒழுங்காக யுடிஎஃப்-8ல் இருக்கும் அட்டவணையை லத்தீன்1 என்று டம்ப் எடுத்தால் கிடைப்பது கேள்விக்குறிகள் மட்டுமே.

தமிழ் நன்றாக வந்து, எமோஜி உள்ள இடத்தில் மட்டும் உடைகிறது என்றால், அட்டவணை மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 வகை. அது ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வரைதான் தாங்கும், எமோஜிக்கு 4 வேண்டும். யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ்ப் பெயருள்ள படங்களில் சில மட்டும் காணோம்

முதலில் பெரிய, சின்ன ஆங்கில எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு.

அது இல்லையென்றால், காணாமல் போன கோப்புப் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். மரம் என்ற படம் வருகிறது, தோட்டம் என்ற படம் வரவில்லை என்றால் விஷயம் பிடிபட்டுவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகளையும் ஔ என்ற எழுத்தையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாகவோ, இரண்டு துண்டுகளாகவோ. கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைத் துண்டுகளாகப் பிரித்தே சேமிக்கும். அந்தக் கணினி வழியாகக் கோப்புகளைக் கொண்டுவந்திருந்தால் சர்வரில் பெயர் துண்டாகவும் பக்கத்தில் உள்ள இணைப்பு சேர்ந்தும் இருக்கும், லினக்ஸ் இரண்டையும் வேறு கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும். கான்வ்எம்வி என்ற கருவி கோப்புறை முழுவதையும் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். முதலில் வெறும் ஒத்திகைதான் காட்டும், பட்டியலைப் பார்த்துவிட்டு உண்மையாக ஓட்டலாம். பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நேராக எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சான்றிதழ் கிடைக்கவில்லை, அல்லது பிரவுசர் எச்சரிக்கிறது

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் டொமைனை வழக்கமாக 80ஆம் போர்ட் வழியாகச் சோதிக்கும். எச்டிடிபிஎஸ் மட்டும் போதும் என்று 80ஐ மூடிவிட்டால் சோதனை தோற்கும். முன்பு சொன்ன பழைய ஐபிவி6 ரெக்கார்டு இங்கும் காலை வாரும், ஏனென்றால் அது இருந்தால் சோதனை அந்த வழியைத்தான் முதலில் நாடும். எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ ரெக்கார்டில் வேறொரு சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் கிடைக்காது. ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை சோதனை தோற்றால் கொஞ்ச நேரம் கதவு மூடப்படும், ஆகவே காரணம் தெரியும் வரை லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைச் சூழலில் முயலுங்கள்.

பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயரையும் இல்லாத பெயரையும் சேர்த்து வாங்கினீர்களா என்று பாருங்கள். சில மாதம் கழித்துக் காலாவதி எச்சரிக்கை வந்தால் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடவில்லை. 2025 ஜூன் முதல் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்புவதில்லை. சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் கருவியின் ஒத்திகைப் புதுப்பிப்பை இன்றே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பூட்டுக் குறி சரியாக வராமல், படங்கள் பாதி வந்து பாதி வராமல் இருந்தால் டேட்டாபேஸுக்குள் பழைய எச்டிடிபி முகவரிகள் கிடக்கின்றன. டம்ப் கோப்பைத் திறந்து தேடி மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது, எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அவை உடையும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

திரும்பத் திரும்பத் திருப்பிவிடப்படுகிறது என்று வந்தால், உங்களுக்கு முன்னால் ஒரு ப்ராக்சி இருக்கிறதா? அது எச்டிடிபிஎஸ்ஸில் வாங்கி, உங்கள் சர்வருக்கு எச்டிடிபியில் தருகிறது. வேர்ட்பிரஸ் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்கிறது, மறுபடி அதே கதை. ப்ராக்சிக்கும் சர்வருக்கும் இடையிலும் எச்டிடிபிஎஸ் வைப்பதே சரியான தீர்வு.

மின்னஞ்சல் வருவது நின்றுவிட்டது

தளத்தை மாற்றும் மும்முரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் சில நாள் கழித்துத்தான் தெரியும். நேம்சர்வர் மாற்றியபோது, அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு விடுபட்டிருக்கலாம். இன்னொன்று, எம்எக்ஸ் ரெக்கார்டு உங்கள் டொமைனின் பெயரையே காட்டிக்கொண்டிருந்தால், ஏ ரெக்கார்டை மாற்றியவுடன் மின்னஞ்சலும் புது சர்வருக்கு வரத் தொடங்கும், அங்கே வாங்க யாரும் இல்லை. பழைய அஞ்சல் சர்வருக்குத் தனிப் பெயர் கொடுத்து எம்எக்ஸை அதற்குத் திருப்புங்கள். இணைப்பு கிடைக்காத அஞ்சலை அனுப்பும் சர்வர்கள் பொதுவாகச் சில நாள் வைத்திருந்து மறுபடி முயலும், ஆகவே சீக்கிரம் திருத்தினால் பெரும்பாலானவை வந்து சேரும். அஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ரெக்கார்டுகளும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து அஞ்சல் போகவில்லை என்றால், பல விபிஎஸ் நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டை வெளியே விடுவதில்லை. உங்கள் மின்னஞ்சல் கணக்கின் எஸ்எம்டிபி விவரத்தோடு 587 வழியாக அனுப்புங்கள். சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்துவது தனிக் கலை, இந்த மாற்றத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

நன்றாக ஓடியது, திடீரென்று நின்றது

மறுதொடக்கத்துக்குப் பிறகு என்றால், ஏதோ ஒரு சேவையைத் தொடங்கினீர்கள், தானாகத் தொடங்கும்படி வைக்கவில்லை. வீட்டு சர்வர் என்றால் வெளி ஐபி மாறியிருக்கும், புது ஐபியைத் தானாக டிஎன்எஸ்ஸில் எழுதும் டைனமிக் டிஎன்எஸ் நிரல் ஒன்று வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டிஎஃப் கட்டளையில் வட்டைப் பாருங்கள். நிரம்பிய வட்டில் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றுவிடும். லாக் கோப்புகளும், அதே வட்டில் குவித்து வைத்த பேக்கப்புகளும்தான் பெரும்பாலும் இடத்தை விழுங்குகின்றன. அந்த சர்வரிலேயே இருக்கும் பேக்கப் வட்டு கெட்டால் கூடவே போய்விடும், வேறிடத்துக்குத் தினமும் நகலெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பழைய ஹோஸ்டிங்கில் யாரோ செய்துகொண்டிருந்த இந்த வேலை இப்போது உங்களுடையது.

பழைய ஹோஸ்டிங்கை எப்போது மூடலாம்?

பழைய சர்வரின் அக்சஸ் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவு) பாருங்கள். மனிதர்கள் வரும் வரிகள் நின்று, தேடுபொறி நிரல்களும் கண்ட கண்ட தானியங்கி நிரல்களும் மட்டும் மிஞ்சியிருந்தால் டிஎன்எஸ் முழுதாக மாறிவிட்டது. அதன் பிறகு ஒரு சான்றிதழ் புதுப்பிப்பு புது சர்வரில் தானாக நடந்து முடியட்டும். எடுத்த பேக்கப்பிலிருந்து தளத்தை வேறொரு கோப்புறையில் மீட்டுப் பாருங்கள், தமிழ் எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்பது உட்பட. அப்புறம் பழைய இடத்திலிருந்து கோப்புகளையும் டேட்டாபேஸையும் கடைசியாக ஒருமுறை முழுதாக இறக்கிக்கொண்டு, அங்கே இன்னும் ஓடும் கிரான் வேலைகளும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) மின்னஞ்சல் பெட்டிகளும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கணக்கை மூடலாம்.